சுண்ணாம்புக் குழிக்குள் ஒரு பூந்தோட்டம்

அன்புள்ள நண்பனுக்கு,

முழங்கால் அறுவைக்குப் பின் கைத்தடி இல்லாமல் கடைத்தெரு வரை நடக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. நாங்கள் கனடாவின் கால்கரி நகரிலிருந்து ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் மேற்கே புறப்பட்டோம். படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் வண்டிக்குள்ளேயே இருப்பதால், ராக்கி மலைகளைக் கடந்து கடற்கரை வரை நினைத்த இடத்தில் தங்கி, எங்கள் சோற்றை நாங்களே பொங்கித் தின்று, அவசரமின்றி வந்து சேர்ந்தோம். பயணம் முழுவதையும் எழுதப் போவதில்லை. வான்கூவர் தீவிலுள்ள புச்சார்ட் தோட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே நடந்தபோதெல்லாம் உன் அரியலூர்தான் நினைவில் இருந்தது.

தீவுக்கு வண்டியோடு கப்பலில்தான் போக வேண்டும். வண்டியின் நீளத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். எரிவாயு உருளையை மூடிவிட்டு ஏற வேண்டும். ஒன்றரை மணி நேரக் கடற்பயணத்துக்குப் பின் தோட்டம் தொலைவில்லை. இத்தகைய பெரிய வண்டிகளை நிறுத்தவும் அங்கே இடம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் பிம் புச்சார்ட் என்ற சிமெண்ட் உற்பத்தியாளர் டாட் குடாவின் ஓரத்தில் ஆலை அமைத்து, தம் வீட்டருகே இருந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்தார். கல் தீர்ந்தபோது எஞ்சியது ஒரு பெருங்குழி. அவருடைய மனைவி ஜென்னி, அதை வேலியிட்டு மறந்துவிடாமல், சுற்றியிருந்த பண்ணை நிலங்களிலிருந்து குதிரை வண்டிகளில் மேல்மண்ணைக் கொண்டுவரச் செய்து குழியின் தரையில் பரப்பினார். செங்குத்தான பாறைச் சுவர்கள் மொட்டையாக நிற்பதைக் காணப் பொறுக்காமல், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட இருக்கையில் அமர்ந்து இறங்கி, பாறை இடுக்குகளில் தம் கையாலேயே ஐவிக் கொடிகளை நட்டார் என்கிறார்கள். 1921இல் அந்தப் பள்ளத் தோட்டம் நிறைவடைந்தது.

மரங்களுக்கிடையே செல்லும் பாதை ஓரிடத்தில் திரும்பியதும் காலடிக்குக் கீழே அந்தப் பள்ளம் முழுவதும் தெரிகிறது. தரையெங்கும் பூப்பாத்திகள், சுவர்களெங்கும் கொடிகள். என்னை மிகவும் கவர்ந்தது, வெட்டிய காயத்தை அவர்கள் மறைக்கவில்லை என்பதுதான். வெட்டாமல் விடப்பட்ட கற்குன்று நடுவிலேயே நிற்கிறது. அதற்குப் படிகள் அமைத்து, மேலே ஏறி நின்று பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். பள்ளத்தின் ஒரு பகுதி ஏரியாக நிற்கிறது. அதில் 70 அடி உயரம் எழும் நீரூற்றை, தோட்டத்தின் அறுபதாம் ஆண்டான 1964இல், புச்சார்ட் தம்பதியின் பேரன் இயான் ராஸ் நிறுவினார். பழைய ஆலையின் புகைபோக்கியும் மரங்களுக்கு மேலே இன்னும் தலைகாட்டுகிறது.

ஜப்பானியத் தோட்டம், டென்னிஸ் ஆடுகளமாக இருந்த இடத்தில் 1926இல் அமைத்த இத்தாலியத் தோட்டம், ரோஜாத் தோட்டம் என மற்றவையும் அழகுதான். ஆனால் அவற்றைப் போன்றவற்றை வேறு ஊர்களிலும் காணலாம். இமயமலையின் நீலப் பாப்பியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்ச்சியும் ஈரமும் இல்லாவிட்டால் வாடிவிடும் அந்தச் செடியின் இதழ்களில் இருந்தது தெளிவான வான நீலம். என் மனைவி அதைவிட்டு நகரவே இல்லை. செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. வீட்டுத் தோட்டம் போலவே இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் விருப்பம். இன்றுவரை தோட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நீ வந்திருந்தால் ஒவ்வொரு செடியின் பெயரையும் கேட்டுப் பணியாளர்களைத் துளைத்திருப்பாய்.

சொல்லாமல் விடக் கூடாத இன்னொன்றும் உண்டு. அந்த ஆலையிலும் கற்குழியிலும் உழைத்தவர்களில் சீனர்களும் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களும் இருந்தார்கள். அவர்கள் குடியிருந்த பகுதி குடாவின் கரையில் இன்று மாகாணப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஜென்னியின் பெயரைத் தெரிந்துகொள்ளும் இலட்சக்கணக்கானோர் இவர்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். கல்லை வெட்டிய கைகள் அவர்களுடையவை.

உங்கள் பக்கத்திலும் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் எடுத்துக் கைவிட்ட பள்ளங்கள் உண்டல்லவா? அங்கே ஐவியும் நீலப் பாப்பியும் வளரா என்பது எனக்குத் தெரியும். அந்த வெயிலுக்கு வேறு செடிகள் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் எந்த மரம் தழைக்கிறது, எது பட்டுப்போகிறது என்பதை நாற்பது ஆண்டு தாவரவியல் பாடம் நடத்திய நீதான் சொல்ல வேண்டும். கால் முழுதாகத் தேறியதும், ஆட்கள் வேலை செய்யாத, அனுமதியோடு நெருங்கக்கூடிய பள்ளம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கோடையிலும் அதில் தண்ணீர் நிற்கிறதா, ஓரங்களில் தானாக முளைத்திருப்பவை எவை என்று விரிவாக எழுது. நாங்கள் அடுத்த மாதம் கால்கரி திரும்பிவிடுவோம். பழைய முகவரிக்கே அனுப்பலாம்.

அன்புடன்,
உன் நண்பன்