அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கட்டுகளை எங்கே வைப்பீர்கள்? டெல்டா எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை தொகுதிகளின் மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2047-க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு அறிவித்தது. இந்தப் பேச்சு அவைக்கு வரும்போது ஆதரவு, எதிர்ப்பு என்று கை தூக்கிவிட்டு வந்துவிடாதீர்கள்.

நான் அணு உலைக்கு எதிரி இல்லை. ஏப்ரலில் பொழுது சாய்ந்தால் சோலார் அடங்கிவிடும். மே பாதிக்கு மேல்தான் காற்றாலைக்குக் காற்று பிடிக்கும். கோடை நெல்லுக்கு மோட்டார் போட்டால் வோல்டேஜ் இல்லாமல் உறுமும், தண்ணீர் ஏறாது, கொஞ்சம் அசந்தால் காயில் கருகிவிடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது பெரும்பாலும் நிலக்கரி. அதன் புகையால் பூமி சூடாகிக் கடல் ஏறினால் முதலில் உப்பாவது வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து நிலம்தான். கூடங்குளத்தின் இரண்டு 1000 மெகாவாட் உலைகளுக்கோ இரவு பகல் கிடையாது. (பராமரிப்புக்கு ஒன்றை நிறுத்தினால் மொத்தமாக 1000 போய்விடும், அது வேறு.) குளிர்விப்பதும் கடல்நீரில், காவிரியில் பங்கு கேட்பதில்லை. டெல்டாக்காரனுக்கு அது சின்ன விஷயமா?

சரி, எனக்கு இடிப்பது எரிந்து முடிந்த எரிபொருள். அங்கே ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள். அவற்றில் ஒரு பங்கை அவ்வப்போது எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கிறார்கள். வெளியே வந்த கட்டு தண்ணீருக்குள் பல வருடம் கிடந்துதான் சூடு தணியும். அப்புறம்? அதிலுள்ள, கதிர்வீச்சை உமிழும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். நம் கல்லணைக்கே வயது ஏறத்தாழ 2,000தான். 2013 மே மாதம் கூடங்குளத்தை அனுமதித்த உச்ச நீதிமன்றம், இந்தக் கழிவுக்கு நிலத்தடியில் ஆழமான நிரந்தரக் களஞ்சியம் அமைக்கச் சீக்கிரமே நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. அப்படி ஒன்று நாட்டில் இன்னும் இல்லை. ஆனால் அதே வளாகத்தில் மேலும் நான்கு உலைகள் எழும்புகின்றன. பாதுகாப்பு பற்றிக் கேட்ட இடிந்தகரை மக்கள்மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து வழக்கு வாங்கிய நம் ஊர்களுக்கு அந்த வலி தெரியும்.

2011-இல் புகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகள் நின்றுவிட்டன. சுனாமியில் மின்சாரம் போய், குளிர்விக்க வழியில்லாமல்தான் உருகின. 2004-ஐப் பார்த்த நாகை உறுப்பினர் இதை அவையில் எடுத்துச் சொல்லலாம்.

களஞ்சியம் எந்த ஊரில், எந்த வருடத்துக்குள், அதன் செலவு இப்போதைய யூனிட் விலையில் சேர்ந்திருக்கிறதா? இந்த மூன்றையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் வந்ததும் தமிழில் ஒரு பிரதி எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்து விவசாயி ஒருவன்