ஆறரை மாத முழங்காலும் மூன்றாம் இடமும்

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கும் கல்லூரி விளையாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்ற வாரம் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்ட மல்யுத்த அணியின் பெறுபேறுகளை நானும் நின்று வாசித்தேன். அணிக்கு மூன்றாம் இடம். அதன் கீழே, 65 கிலோ எடைப்பிரிவு மாணவனுக்கு, காயத்தை வென்று களம் திரும்பிய வீரன் என்று தனியாக ஒரு பாராட்டு. அந்த மாணவனின் தந்தை நான். பாராட்டுக்கு நன்றி. அந்தக் கடதாசி ஒட்டப்பட்ட வேளையில் வீரன் இரண்டு தலையணைகளின் மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தான் என்பதை மட்டும் பலகை சொல்லவில்லை.

முழங்காற் சத்திரசிகிச்சை முடிந்து ஆறரை மாதத்தில் நீங்கள் அவனைப் போட்டிக்கு இறக்கினீர்கள்; அங்கே அதே முழங்கால் மீண்டும் காயப்பட்டது. நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள் என்பதால் முழுவதையும் திருப்பிச் சொல்லப் போவதில்லை. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: விளையாட்டு மருத்துவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல், சத்திரசிகிச்சை முடிந்து வந்த எந்தப் பிள்ளையையும் போட்டிக்கு இறக்காதீர்கள்.

என் மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவர். ஏ.சி.எல். என்று வைத்தியர்கள் சொல்லும் முழங்காலின் முன்குறுக்குத் தசைநாரை மகனுக்கு மாற்றி அமைத்த பிறகு, அவனுடைய வலது தொடை வாழைத்தண்டு வாடுவதுபோல் நாளுக்கு நாள் மெலிந்தது. இயன்மருத்துவர் சொன்னபடி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அவர் தன் அளவு நாடாவை எடுத்து, முழங்காற் சில்லிலிருந்து ஒரு சாண் மேலே இரண்டு தொடைகளையும் அளந்து, சட்டை அளவு எழுதும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தார். முதலாவது ஞாயிறு வித்தியாசம் நான்கரை சென்ரிமீற்றர். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மின்தூக்கி வேலை செய்யாத நாட்களில், நான்கு மாடிப் படிகளையும் அவன் பின்புறமாக அமர்ந்து அமர்ந்து இறங்க, ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் இறங்குவார். அப்படிப் போய் வந்த சிகிச்சையில்தான் நான்கரை நான்காகி, மூன்றரையாகி, போட்டிக்கு முந்திய ஞாயிறு இரண்டேகாலில் வந்து நின்றது. அந்த இரண்டேகால் சென்ரிமீற்றரோடுதான் நீங்கள் அவனை எடை பார்க்க நிறுத்தினீர்கள். அளந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

என் பங்குப் பிழையையும் மறைக்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவன் நானே. இலேசான பயிற்சிக்கு மட்டும் என்று சொல்லப்பட்டதை நம்பி இட்டேன். 65 கிலோவுக்கு வேறு ஆளில்லை, அந்தப் பிரிவைக் காலியாக விட்டால் அணிப் புள்ளி குறையும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பதினெட்டு வயதுப் பையனிடம் "உன்னால் ஏலுமா?" என்று தோழர்களின் முன்னால் கேட்டால் அவன் வேறு என்ன பதில் சொல்வான்?

ஆறரை மாதத்தில் அவன் ஓடினான், குந்தி எழுந்தான், வலி இல்லை என்றான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாற்றி வைத்த தசைநார் முதல் சில மாதங்களில் வலுவை இழந்து, பின்னரே மெல்ல மெல்ல உறுதிப்படுகிறது. வலி போவதற்கும் வலு வருவதற்கும் இடையில் மாதங்கள் கிடக்கின்றன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, களம் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயப்படும் வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று கண்டது. மல்யுத்தத்தில், எதிராளியின் காலைப் பிடிக்கத் தாழ்ந்து பாயும்போது ஊன்றிய முழங்காலின் மேல் இரண்டு பேரின் பாரமும் முறுகிக்கொண்டு இறங்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முதற்போட்டியில் வென்றான். இரண்டாம் போட்டியில் அதுதான் நடந்தது. புதிய தசைநார் தப்பிவிட்டது. மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பின் ஓரம் கிழிந்துவிட்டது.

பயிற்றுநர் என்னிடம், காயத்திலிருந்து களம் திரும்பிய இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை உதாரணம் காட்டினார். நல்ல உதாரணந்தான். 2016 ஓகஸ்ட்டில் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயப்பட்டுத் தூக்கிச் செல்லப்பட்டவர், 2017 மே மாதம் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். எண்ணிப் பார்த்தால் ஒன்பது மாதம். 2023இல் மறுபடியும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, அடுத்த ஆண்டே பாரிஸில் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றார் என்பதும் உண்மையே. ஆனால் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரே இந்திய அணியோடு பாரிஸுக்குப் போயிருந்தார். என் மகனுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு பொலித்தீன் பை நிறைய ஐஸ்.

2022இல் பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு மல்யுத்த வீராங்கனை நெத்மி பொருதொட்டகே 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றபோது, நம் கல்லூரிக் கூட்டத்திலும் கைதட்டல் வானைப் பிளந்தது. அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு காசாக மாறியிருந்தால், கபில நிறப் பொதி நாடாவால் ஒட்டிய மெத்தைத் துண்டுகளின் இடைவெளியில், முதற் காயத்தின்போது, என் மகனின் பாதம் சிக்கி, உடல் மட்டும் திரும்பியிருக்காது. கல்லூரிகளின் வருடாந்தக் கிரிக்கெட் போட்டியான பிக் மெட்ச்சுக்குப் பந்தலும் பப்பரே வாத்தியமும் குறைவின்றி வருகின்றன; மகிழ்ச்சி. மல்யுத்த அணியும் அதே கல்லூரியின் சின்னத்தைத்தான் மார்பில் அணிகிறது என்பதை யாராவது வாத்தியக்காரரிடமாவது சொல்லி வைக்கலாம். மன்னியுங்கள், வார்த்தை தடித்துவிட்டது. நான் கேட்க வந்தது மெத்தையை அல்ல.

கேட்க வந்தது ஒரு கடதாசியை. விளையாட்டமைச்சின் விளையாட்டு மருத்துவ நிறுவகம் இதே நகரில், கொழும்பு 7இல் இருக்கிறது. சத்திரசிகிச்சை செய்த காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 வீதத்தையாவது எட்டியிருக்கிறதா என்று அளந்து பார்த்து, ஒரு வைத்தியர் கையெழுத்திட்டால் போதும். அந்தக் கையெழுத்து இல்லாத பிள்ளையின் பெயர் அணிப் பட்டியலில் இடம்பெறக் கூடாது. எடைப்பிரிவு காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். அடுத்த தவணைக்கான அணித் தெரிவுக்கு முன்னதாக இதை ஒரு விதியாக எழுதி, அதே அறிவித்தற் பலகையில் ஒட்டுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மகனுக்கு இந்த மடல் பற்றித் தெரியாது. அடுத்த ஆண்டு 70 கிலோவில் இறங்குவதாக அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்கு நான் தடை சொல்லவுமில்லை. அந்தப் பாராட்டுக் கடதாசியை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அவன் திரும்பி வரவில்லை, இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறான்.

இப்படிக்கு,
65 கிலோ பிரிவு மாணவனின் தந்தை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.