கடற்குள நடைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை சிட்னி கூஜி கடற்கரையில், பாறையோரம் கடல்நீர் நிரம்பும் குளங்களைப் பார்க்க நாம் போன கடற்குள நடைக்கு நாலு பேர் வருவார்கள் என்று நினைத்து, நாலு பேருக்கான டீயைத்தான் ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்து வந்தேன். வந்தது பதினோரு பேர். மூடி மூடியாகப் பங்கு போட்டுக் குடித்துவிட்டு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. முதல் நன்றி அதற்கு.

இதற்கெல்லாம் பிள்ளையார்சுழி போட்டது பக்கத்து வீட்டு அக்கா. நாற்பத்தாறு வயதில் நான் ஒரு நீச்சல் வகுப்பில் சேர்ந்தபோது, இனிமேல் உடம்பு வளையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்பது இப்போது எதற்கு? அழுத முகத்தோடு வந்தவளை அக்காதான் மக்கைவர்ஸ் மகளிர் குளத்துக்கு இழுத்துப் போனார். 1876-க்கு முன்பிருந்தே பெண்கள் குளித்துவரும் பாறைக் குளம் அது. பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான் உள்ளே போகலாம். ஆண்களை விடாதது பாகுபாடு என்று புகார் எழுந்து, 1995-ல் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்தே அதற்கு விலக்கு வாங்க வேண்டியிருந்தது.

"காதுக்குள்ள தண்ணி போகட்டும், பயப்படாத" என்று அக்கா என் பிடரியில் கை வைத்துத் தாங்கினார். காது மூழ்கியதும் வெளிச்சத்தம் அடங்கி, என் மூச்சு மட்டும் பானைக்குள் கேட்பதுபோலக் கேட்டது. சுவர் இடுக்கில் கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒன்று பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அது மேலே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அக்காவின் கை எப்போதோ விலகிவிட்டது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால்தான் நன்னீரைவிடக் கடல்நீர் உடம்பைச் சற்று மேலே தூக்குகிறது. ஆக, அந்த உப்புக்கும் ஒரு நன்றி.

நடையில் நான் சொன்ன கதைகளுக்குப் பாதிப் பெருமை நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்துத் தந்த அம்மாவைச் சேரும். பட்டப்பகலில் கடலில் குளிப்பதே ஒரு காலத்தில் இங்கே குற்றம் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. 1902-ல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், நடுப்பகலில் இறங்கப்போகிறேன் என்று தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு இறங்கினார். அவர்மேல் வழக்கே போடவில்லை! அடுத்த ஆண்டு நகராட்சி பகல் குளியலை அனுமதித்தது, கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடிய உடையோடு.

நம்மில் பலருக்குப் பிடித்தது கூஜியிலேயே இருக்கும் வைலிஸ் குளத்தின் கதைதான். 1907-ல் ஹென்றி வைலி கட்டிய அந்தக் குளத்தில் நீந்திப் பழகியவள் அவர் மகள் மீனா. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதல்முறையாக நீச்சல் போட்டி வைத்தார்கள். அதற்கு மீனாவும் ஃபேனி டியூராக்கும் போவதற்கே ஊரில் தடை. ஆண்கள் பார்க்கும் போட்டியில் பெண்கள் நீந்தக் கூடாது என்று விதி போட்டிருந்தது பெண்களின் நீச்சல் சங்கமேதான். ஊர் கூடிக் குரல் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். 100 மீட்டரில் ஃபேனிக்குத் தங்கம், மீனாவுக்கு வெள்ளி. மீனா சிலையின் தோளில் கை போட்டு நம் சித்தி எடுத்துக்கொண்ட படத்தைக் கேட்டு இதுவரை ஆறு பேர் எழுதிவிட்டார்கள்.

கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் மோரி ஊரின் குளத்தைப் பற்றிக் கேட்ட தங்கைக்குத் தனி நன்றி. அது உப்புக் குளம் இல்லை என்பதால் விட்டுவிடலாம் என்றிருந்தேன். விட்டிருக்கக் கூடாது. பூர்வகுடிக் குழந்தைகளை அங்கே விடாததை எதிர்த்து, 1965 பிப்ரவரியில் பூர்வகுடி மாணவரான சார்லஸ் பெர்கின்ஸும் மற்ற சிட்னி பல்கலைக்கழக மாணவர்களும் அந்தக் குளத்தின் வாசலில் போய் நின்றார்கள். என் நிறத்தில் ஒருத்தி இன்று எந்தக் குளத்திலும் யோசிக்காமல் காலை நனைக்கிறாள் என்றால், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

சிட்னிக்கு வடக்கே நியூகாசிலில் இருக்கும் போகி ஹோல் என்ற கடற்குளத்தை 1819 வாக்கில் பாறையில் வெட்டியவர்கள் கைதிகள். வெட்டச் சொன்ன தளபதி மோரிசெட்டின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வெட்டியவர்களின் பெயரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நம் நடையன்று கூஜியில் வற்றத்தின்போது மதகைத் திறந்து, குளத்தை வடித்து, படிக்கட்டுப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்த தொழிலாளியிடம் நாம் யாரும் பெயர் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வழுக்காமல் ஏறி இறங்கினோமே, அது அவர் புண்ணியம். அடுத்த முறை கேட்க வேண்டும்.

வண்டி ஓட்டிய தம்பிக்கும், பையெல்லாம் சுமந்த அண்ணிக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட நீலத் துண்டு ஒன்று என் காரில் கிடக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாருடையது?