தபாலும் தங்கள் அட்டவணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "தபாலைத் தனியாரிடம் கொடுத்தால் நஷ்டம் போகும், வேகம் வரும், உலகம் காட்டிய வழி இது" என்று சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஓர் அட்டவணை: நாடு, விற்ற ஆண்டு, பங்கின் விலை. கடிதம் போய்ச் சேர்கிறதா என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. தபாலைப் பற்றிய அட்டவணை ஆயிற்றே என்று தேடிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

தபாலில் நஷ்டம் எங்கே பிறக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. பெட்டியிலிருந்து எடுப்பது, முகவரி ஒரே பக்கம் தெரியும்படி அடுக்குவது, முத்திரை குத்துவது, ஊர்வாரியாகப் பிரிப்பது, பை கட்டி அனுப்புவது. இந்த வேலைகள் வரை இயந்திரம் கைகொடுக்கும். கடிதம் குறைந்தால் செலவும் ஓரளவு குறையும். அதன்பின் தபால்காரர் தன் பீட்டுக்கான (தினமும் நடந்து கொடுக்கும் தெருக்களுக்கான) கட்டைக் கதவு வரிசையில் அடுக்கிக்கொண்டு கிளம்புகிறாரே, பணத்தில் பெரும்பங்கை விழுங்குவது அந்த நடைதான். 500 கதவு உள்ள பீட்டில் 400 கதவுக்குக் கடிதம் இருந்தாலும் சரி, 100 கதவுக்கு இருந்தாலும் சரி, தெரு அதே தெரு. ஆகவே ஒரு கடிதத்துக்கான நடைக்கூலி ஏறக்குறைய நாலு மடங்காகிறது. பங்குச் சந்தையில் மணி அடித்ததும் தெரு சுருங்கிவிடும் என்று தலையங்கம் நம்புகிறது போலும்.

முதலாளி யாரானாலும் கையில் இருப்பவை மூன்றே வழிகள். ஸ்டாம்ப் விலையை ஏற்றலாம், பட்டுவாடா நாட்களைக் குறைக்கலாம், இரண்டு பீட்டை ஒன்றாக்கி ஒரே ஆள் தலையில் கட்டலாம். மூன்றாவதுதான் வெளியில் தெரியாமல் நடக்கும். அந்த ஆள் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு பீட்டுத் தபாலும் அலுவலகத்திலேயே தங்கும். மறுநாள் கட்டு இரண்டு மடங்கு. கையெழுத்து வாங்கவேண்டிய உறைகளுக்குக் கதவருகே நிற்க நேரமிருக்காது. மணி அடிக்காமலே "ஆள் இல்லை" என்று சீட்டுச் செருகப்படும். உடனே தபால்காரர் சோம்பேறி என்று நாம் எழுதுவோம். தாங்களும் முன்பு எழுதியிருக்கிறீர்கள், அட்டைப்படத்தோடு.

பிரிட்டனை முன்மாதிரி என்கிறீர்கள். 2013 அக்டோபரில் அந்நாட்டுத் தபால் நிறுவனமான ராயல் மெயிலின் பங்கு 330 பென்னிக்கு விற்கப்பட்டு முதல் நாளே 455இல் முடிந்தது. அதை அட்டவணையில் போட்டீர்கள், சரி. விற்பதற்கு முந்தைய ஆண்டே பழைய ஓய்வூதியப் பொறுப்பை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டதைக் காணோம். பாரத்தை இறக்கிவிட்டு மாட்டை விற்றால் மாடு வேகமாகத்தான் நடக்கும். முதல் வகுப்புக் கடிதத்தில் 93 சதவீதம் மறுநாளே சேரவேண்டும் என்பது அப்போதைய விதி. 2024–25இல் சேர்ந்தது 77 சதவீதம். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2023இல் 56 லட்சம், 2024இல் 1.05 கோடி, 2025இல் 2.1 கோடி பவுண்டு என்று அபராதத்தை ஏற்றிக்கொண்டே போனது. 2013இல் 60 பென்னியாக இருந்த முதல் வகுப்பு ஸ்டாம்ப் 2025 ஏப்ரலில் 1.70 பவுண்டு, அதாவது 170 பென்னி. கடைசியில் இலக்கையே 90 சதவீதமாக இறக்கி, இரண்டாம் வகுப்புக் கடிதத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதும் என்று அனுமதித்தார்கள். வேகம் வரும் என்றீர்களே, இதுதானா?

போட்டி வந்தால் சீராகும் என்பீர்கள். ராயல் மெயிலோடு போட்டியிட்ட விஸ்ல் நிறுவனம் லண்டன், மான்செஸ்டர் போன்ற நெருக்கமான ஊர்களில் மட்டும் வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்து, 2015இல் கைவிட்டது. வங்கிக் கடிதங்களை மொத்தமாக வாங்கி ஊர்வாரியாகப் பிரித்து, கடைசி நடையை ராயல் மெயில் தலையிலேயே போடுவதுதான் அங்கே போட்டியாளர்களின் தொழில். தேங்காய்ப் பருப்பு ஒருவருக்கு, மட்டை இன்னொருவருக்கு.

ஜெர்மனியின் லாபத்தைப் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அங்கே தபாலை நடத்தும் டி.எச்.எல். குழுமத்தின் லாபத்தில் பெரும்பகுதி உலகளாவிய எக்ஸ்பிரஸ், சரக்கு வேலைகளிலிருந்து வருவது. கடிதத்துக்கு நடந்தது வேறு. 80 சதவீதம் மறுநாளே சேரவேண்டும் என்றிருந்த விதியை மாற்றி, 2025 முதல் 95 சதவீதம் மூன்றாவது வேலைநாளுக்குள் சேர்ந்தால் போதும் என்றாக்கினார்கள். ஜப்பானும் 2021இல் சாதாரணக் கடிதத்தின் சனிக்கிழமைப் பட்டுவாடாவை நிறுத்தியது. அர்ஜென்டினா உங்கள் அட்டவணையிலேயே இல்லை. 1997இல் தனியாருக்குக் கொடுத்து, அரசுக்குக் கட்டவேண்டிய தொகையே வராமல் 2003இல் திரும்ப எடுத்துக்கொண்ட நாடு அது. இடம் போதவில்லை போலிருக்கிறது.

அமெரிக்கத் தபாலின் நஷ்டத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட இடம் இருந்தது. ஓய்வுபெற்றோரின் வருங்கால மருத்துவச் செலவுக்காகப் பத்து ஆண்டுகள், ஆண்டுக்கு சுமார் 550 கோடி டாலர் முன்கூட்டியே ஒதுக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது; 2022இல்தான் நீக்கினார்கள். அதன் பின்னும் நஷ்டம் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் பழைய நஷ்டம் முழுவதையும் ஊழியர் கணக்கில் எழுதுவது நியாயமா?

அரசு கையில் இருந்தாலே போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். டென்மார்க்கில் கடிதப் பட்டுவாடாவை 2025 டிசம்பரோடு நிறுத்திய போஸ்ட்நார்ட், அரசுகளுக்குச் சொந்தமானதுதான். எல்லா வீட்டுக்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடமை அதற்கு முன்பே சட்டத்திலிருந்து போய்விட்டது. எந்தக் கதவுக்கு, வாரம் எத்தனை நாள், எந்த விலையில், பற்றாக்குறையை யார் கொடுப்பது என்பதைச் சட்டத்தில் எழுதாமல் விற்றாலும் ஒன்றுதான், வைத்திருந்தாலும் ஒன்றுதான். இந்த நாலு கேள்வியில் ஒன்றைக்கூடத் தலையங்கம் கேட்கவில்லை.

பத்திரிகைகளுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் 1792ஆம் ஆண்டுத் தபால் சட்டமே செய்தித்தாளை 100 மைல் வரை ஒரு சென்ட்டுக்குக் கொண்டுபோனது. அதே தூரத்துக்குக் கடிதம் அனுப்பியவர் பல மடங்கு கொடுத்தார். "மானியத்தில் வாழும் தபால்" என்று எழுதும்போது அந்த மானியத்தில் சாப்பிட்டவர்கள் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று தாங்களே யோசியுங்கள்.

அடுத்த இதழில் அந்த அட்டவணையைத் திரும்பப் போடவேண்டும் என்று கேட்கவில்லை. பிரிட்டன் வரியில் 455 என்பதற்குப் பக்கத்தில் 77 சதவீதம் என்று ஒரு சிறு திருத்தம் போட்டால் போதும். கடைசிப் பக்கத்தில் போட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்