பறந்து வந்த கவர்கள்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

கிராஃப் செப்பலின் என்ற, வாயு நிரப்பிப் பறந்த ஜெர்மன் ஆகாயக் கப்பலில் போன தபால்களைச் சேர்க்கப்போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். 1930-இல் அமெரிக்கா அதற்கென்றே வெளியிட்ட மூன்று தபால்தலைகளில் தொடங்கலாமா என்று கேட்கிறாய். 65 சென்ட், 1.30 டாலர், 2.60 டாலர். பொருளாதார மந்தத்தில் ஜனங்கள் தவித்த நேரம்; அவ்வளவு கொடுத்து வாங்க எத்தனை பேரால் முடியும்? விற்காமல் மிஞ்சியதை அழித்துவிட்டார்கள். இன்றைய விலைக்கு அதுதான் காரணம். அழகான தலைகள்தான். ஆனாலும் அந்தக் காசுக்கு, நிஜமாகவே பறந்து வந்த கவர்கள் பல வாங்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

கவர் கைக்கு வந்ததும் முதலில் திருப்பிப் பார். முன்பக்கத்தில் பயணத்துக்கென்றே குத்திய முத்திரை கண்ணைப் பறிக்கும். போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். இரண்டு தேதியும் பயணத்தோடு ஒத்துப்போக வேண்டும். செப்பலின் தபால்களுக்கென்றே உள்ள சீகர் கேட்டலாக்கில் பயணவாரியாக எண் போட்டிருக்கிறார்கள், சரிபார்த்துக்கொள்.

என்னிடம் இருப்பதிலேயே எனக்கு உயிரானது கிராஃப் செப்பலினின் 1931 வடதுருவப் பகுதிப் பயணத்து அஞ்சலட்டை. மூலை மழுங்கி, பென்சிலில் நாலே வரி. அந்த ஜூலை 27 அன்று ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுக்கூட்டத்தில், ஹூக்கர் தீவுக்குப் பக்கத்தில், அத்தனை பெரிய ஆகாயக் கப்பல் தண்ணீரிலேயே இறங்கியது. மாலிகின் என்ற சோவியத் பனியுடைப்புக் கப்பலிலிருந்து படகு வந்தது. தபால் மூட்டைகளை அவசரமாக மாற்றிக்கொண்டார்கள். மிதக்கும் பனி ஆபத்து என்பதால் தளபதி எக்கனர் சீக்கிரமே மேலே கிளப்பிவிட்டார். அந்தப் பயணச் செலவில் பெரும் பங்கு யார் கொடுத்தது தெரியுமா? தபால் சேகரிப்பவர்கள்! விஞ்ஞானிகள் அவ்வளவு தூரம் போய் ஆராய முடிந்ததற்கு நம் கூட்டமும் ஒரு காரணம், ராகவா.

அப்புறம், ஹிண்டன்பர்க் என்ற இன்னொரு ஜெர்மன் ஆகாயக் கப்பல். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் அது எரிந்தபோது, 17,000-க்கும் மேற்பட்ட தபால்களில் சுமார் 360 மட்டுமே தப்பின. ஓரம் கருகிய அந்தக் கவர்களுக்குப் போலிகளும் உண்டு. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடாதே. 36 பேர் மாண்ட விபத்து அது. அசலே கிடைத்தாலும் என் ஆல்பத்தில் வைக்க எனக்கு மனம் வராது.

முதல் கவர் வாங்கியதும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பேத்தியின் படமும் வேண்டும்.

அன்புடன்,
சிவராமன்