வரிசையில் அவனுக்கும் ஓர் இடம்: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாக சபையினர், முன்பள்ளிக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். முன்பள்ளி விளையாட்டு விழா முடிந்து இரண்டு கிழமையாகிறது. நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல்நாள் பின்னேரம் எங்கள் படலையடிக்கு வந்து, "நாளைக்குப் பெரிய ஆக்கள் வருகினம் அம்மா, பேரன் கத்தினால் நிகழ்ச்சி குழம்பிப்போகும், வீட்டிலை வைச்சிருங்கோ, பரிசை அனுப்பிவிடுறம்" என்று சொன்னதும் உங்களில் ஒருவர்தான். நான் "சரி தம்பி" என்று மட்டும் சொன்னேன். அன்று சொன்ன அந்தச் 'சரி'யைத் திருப்பி வாங்கவே இதை எழுதுகிறேன்.

பேரனுக்கு நாலரை வயது. ஓட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள பிள்ளை. அணிநடைக்கு மூன்று கிழமை பழகினான். முதல் கிழமை வரிசையில் நிற்கவே மாட்டான், மணலில் குந்திவிடுவான். ஆசிரியை ஏசவில்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டார். அந்த வட்டம் அவனுக்குப் பிடித்துக்கொண்டது. அடுத்த கிழமை அதற்குள் நின்றான். அதற்கடுத்த கிழமை மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு, "லெப்ற், றைற்" என்று தானே சொல்லிச் சொல்லி நடந்தான். பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் கதைக்காத பிள்ளை அவன். அன்றிரவு என் மகள் சமையலறையில் நின்று அழுதாள், சந்தோசத்தில்.

விழாவன்று காலையில் மஞ்சள் பெனியனைத் தானே போட்டுக்கொண்டு, கொடியோடு படலையடியில் போய் நின்றான். அவனுக்கு நாளும் நேரமும் படத்தில்தான் விளங்கும். சுவரில் ஒட்டியிருக்கும் படக் கலண்டரில் அன்றைய கட்டத்தில் கொடிப் படம் இருந்தது. "இண்டைக்கு இல்லை அப்பு" என்றேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் படத்தைத் தொட்டுக் காட்டினான். மூன்று முறை காட்டினான். பிறகு மைதானத்துப் பாண்ட் சத்தம் தூரத்தில் கேட்டதும், படலைக்கும் கிணற்றடிக்கும் இடையில் நடக்கத் தொடங்கினான். லெப்ற், றைற். பாண்ட் நிற்கும்வரை நடந்தான்.

பின்னேரம் பரிசு வந்தது. பளபளத்த தாளில் சுற்றிய சாப்பாட்டுப் பெட்டி. மேலே ஒட்டிய துண்டில் "பங்குபற்றியமைக்காக" என்று எழுதியிருந்தது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த விழாவில் அவனை வரிசையில் நிறுத்துங்கள்.

அவன் கத்துவான் என்பது உண்மை. போன ஆண்டு சீனவெடி கொளுத்தியபோது காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அதைக் குழப்படி என்றீர்கள். ஆனால் சத்தத்துக்குக் காது பொத்துவது என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தபோது என் மகளுக்கு ஏழு வயது. அதற்கு முந்திய மாதங்களில், குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குள் இரண்டு காதையும் பொத்தி, முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு இருப்பாள். ஒருவரும் அவளைக் குழப்படி என்று சொல்லவில்லை, மடியில் தூக்கி வைத்திருந்தார்கள். இன்று அவளுடைய மகன் அதே மாதிரிக் குந்துகிறான். அவளுக்கு இருந்தது பயம். இவனுக்கோ சத்தமே வலி. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு, எங்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தமே தாங்க முடியாததாக இருக்கும். மூளை வளர்கிற விதம் வேறாக இருப்பதால் வருவது அது, தாயின் வளர்ப்பில் வந்த பிழை இல்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சி முடியும்வரை வெடி கொளுத்தாமல் விடலாம். ஒலிபெருக்கியைப் பிள்ளைகள் நிற்கும் பக்கம் திருப்பாமல், சத்தத்தையும் குறைத்து வைக்கலாம். விசிலுக்குப் பதிலாகக் கொடியை இறக்கி ஓட்டத்தைத் தொடங்கலாம். வாசிகசாலை அறையைத் திறந்துவைத்தால் ஏலாமல் போகிற பிள்ளை கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு வரும். நிகழ்ச்சி ஒழுங்கை இரண்டு நாளுக்கு முன்னர் தந்தால் படமாக வரைந்து அவனைப் பழக்குவது எங்கள் பொறுப்பு. பக்கத்தில் நானே நிற்கிறேன். சுண்ணாம்பு வட்டத்தையும் நானே போடுகிறேன்.

இது இவன் ஒருவனுடைய கதையும் இல்லை. இலங்கையில் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 93 பிள்ளைகளுக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. கவனம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகள், கதைக்கப் பிந்தும் பிள்ளைகள் வேறு. எங்கள் முன்பள்ளிக்கு இவனுக்கு முன்னரும் அப்படிப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். அவர்களை எந்த வீட்டுக்குள் வைத்திருந்தோம்? "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நாங்களும் ஒன்றரை வருடத்தை வீணாக்கினோம். கோயிலில் கண்டால் "விசர்ப் பெடியன்" என்று காதுபடச் சொல்கிறார்கள். என் மகள் கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கென்று வைக்கும் விழாவில் பிரதம விருந்தினர் வரும்வரை அந்தப் பிஞ்சுகள் வெயிலில் நிற்கின்றன, வந்த பிறகு பேச்சுகள் ஒரு மணித்தியாலம் போகின்றன. அந்த நேரத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நினைவிருக்கும். யாருக்காக இந்த விழா என்று ஒருமுறையாவது நிர்வாக சபையில் கேட்டிருக்கிறீர்களா?

மன்னித்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. இந்த நிலையத்துக் கட்டிடத்துக்கு என்னுடைய அவர் தன் கையால் கல் சுமந்தவர். உங்களில் பாதிப் பேர் எங்கள் முற்றத்தில் விளையாடி வளர்ந்த பிள்ளைகள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடல், உள இயலாமையுள்ளவர்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 30ஆவது உறுப்புரை இந்தப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாட்டில் பங்குபற்ற உரிமை உண்டு என்கிறது. ஆகவே நான் கேட்பதைச் சலுகையாக எடுக்க வேண்டாம்.

வருகிற பொதுக்கூட்டத்தில் பத்து நிமிடம் தாருங்கள். ஆசிரியையையும் கூப்பிடுங்கள், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுத்த விழாவில் அவன் வரிசையில் நிற்பான் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதித் தாருங்கள். தயவாகக் கேட்கிறேன்.

அந்தப் பரிசுப் பொதியை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன். வைத்திருங்கள். அவன் நடந்து முடிந்த பிறகு, மைதானத்தில் வைத்து அவன் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
நிலையத்தின் பழைய அங்கத்தவர்,
மஞ்சள் கொடிக்காரனின் அம்மம்மா