கதவு பார்க்கும் வேலை

சட்பரி, ஒண்டாரியோ
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவும் நீங்களும் நலம்தானே? போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்குச் சுருக்கிச் சொல்லிவிடுகிறாள். கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்த காது, அதைக் குறை சொல்லி என்ன செய்வது? அதனால்தான் கடிதம்.

சுரங்கத்துக்குள் காற்று சரியாகப் போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்றபோது, "காற்றுப் பார்ப்பது ஒரு வேலையா?" என்று சிரித்தீர்கள். இந்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் சிரியுங்கள்.

இங்கே இப்போது மைனஸ் 30. வெளியே வந்து ஒரு மூச்சு இழுத்தால் மூக்கு முடி விறைத்துக்கொள்கிறது. இந்தக் காற்றை அப்படியே ஷாஃப்டில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் கிணற்றில், இறக்க முடியாது. தண்ணீர்க் குழாய் உறையும், சுவரில் பனிக்கட்டி கட்டும், அது உடைந்து விழுந்தால் கீழே இருப்பவன் கதி அவ்வளவுதான். அதனால் மேலேயே கேஸ் பர்னர் வைத்துச் சூடாக்கி அனுப்புகிறோம். பொங்கலுக்கு முந்தின வாரம் ராத்திரியில் ஒரு பர்னர் அணைந்தது. ஃபேன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சூடு போதாததால் அதன் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. காற்றுக் குறைந்தால் கீழே வண்டி ஓட்ட முடியாது. இங்கே சட்டப்படி டீசல் வண்டியின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நொடிக்கு 0.06 கன மீட்டர் காற்று வேண்டும். கல் அள்ளும் ஸ்கூப் ஒன்று 250 கிலோவாட் என்றால் அதற்கு மட்டும் 15 கன மீட்டர். நான்கு வண்டிகளில் இரண்டை நிறுத்தினோம். ஃபோர்மன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பக்கத்தில் கிரைட்டன் என்று பழைய நிக்கல் சுரங்கம் ஒன்று, கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர் ஆழம். அங்கே வெட்டி முடித்த பகுதியில் கிடக்கும் உடைந்த பாறைக் குவியலுக்குள் காற்றை விட்டு உள்ளே இழுக்கிறார்கள். குளிர்காலத்தில் பாறை காற்றுக்குச் சூடு கொடுக்கும், கோடையில் குளிர்ச்சி கொடுக்கும். பர்னரோடு மல்லுக்கட்டிய அன்று எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

ஆனால் பர்னராவது பரவாயில்லை, அணைந்தால் மணி அடித்துச் சொல்லிவிடும். கதவு சொல்லாது.

உங்கள் காலத்திலும் உள்ளே கதவு இருந்திருக்கும். இங்கே நல்ல காற்று வரும் வழிக்கும் கெட்ட காற்று போகும் வழிக்கும் நடுவே இரண்டு கதவுகள், ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். அவசரக்கார டிரைவர்கள் ஒன்றுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். போன வாரம் யாரோ ஸ்கூப் பக்கெட்டால் ஒரு கதவை இடித்து வளைத்துவிட்டார்கள். இன்னொன்று ஏற்கெனவே சரியாக மூடாத கதவு. யாரும் வாய் திறக்கவில்லை. வெடி போட்ட புகை அடுத்த ஷிஃப்ட் வரும்போதும் முகப்பில், அதாவது பாறையை வெட்டும் கடைசி முனையில், நின்றது, கார்பன் மோனாக்சைடு மீட்டர் இறங்கவே இல்லை. ஆட்களை உள்ளே விடாமல் மேலே கேட்டால், "ஃபேன் பிரமாதமாக ஓடுகிறது, வழக்கத்தைவிட அதிகக் காற்று" என்றார்கள்.

அதுதான் அப்பா விஷயம். குறுக்கு வழி கிடைத்த காற்று முகப்புக்குப் போகாமல் நேராக வெளியேறிவிட்டது. தடை குறைந்ததால் ஃபேனுக்கு வேலை சுலபம், திரையில் எண் கூடித்தான் தெரியும். அழுத்தம் இறங்கியிருந்ததை யாராவது கவனித்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். ஒரு மணி நேரம் நடந்து தேடி வளைந்த கதவைக் கண்டுபிடித்தேன். அங்கே நின்றபோது காற்று என் ஹெல்மெட்டையே தள்ளியது, நூறு மீட்டர் தள்ளி முகப்பில் தூசிகூட அசையவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் பெரிய ஃபேன் போடு என்பார்கள். அதே வழியில் இரட்டிப்புக் காற்று வேண்டுமென்றால் எட்டு மடங்கு கரண்ட் செலவாகும். இருக்கிற கதவைச் சரி செய், கிழிந்த பையைத் தை என்கிறேன் நான். முகப்புவரை காற்றைக் கொண்டுபோகும் அந்த நீளப் பையில் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கசிகிறது. புது ஃபேன் வாங்கினால் எல்லோரும் வந்து போட்டோ எடுப்பார்கள், பையைத் தைப்பதற்கு யார் வருவார்?

இன்னொன்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும். உள்ளே தீப்பிடித்தால் இங்கே சைரனை மட்டும் நம்புவதில்லை, காற்றில் நாற்றமடிக்கும் வாயுவைக் கலந்துவிடுகிறார்கள். அது மூக்கில் பட்டதும் எல்லோரும் பாதுகாப்பு அறைக்குள் ஓடிக் கதவிடுக்கைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். பயிற்சியன்று முதன்முதலாக முகர்ந்தபோது சட்டென்று நம் அடுப்பங்கரை ஞாபகம் வந்தது. கேஸ் சிலிண்டரில் கலக்கும் அதே சரக்குதான்! காற்று சரியாகப் போகாத மூலைக்கு இந்த நாற்றமும் போகாது என்பதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

அது சொன்னதும் ஞாபகம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பக்கம் வாசனை வருகிறது என்று அம்மா சொன்னாளே, டியூபை மாற்றினீர்களா? நீங்கள் "காற்று வந்தால் போய்விடும்" என்பீர்கள், எனக்குத் தெரியும். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்